உலோகங்காட்டி செய்வோம்: சுருளும் சில்லும்

நுழையும்முன்

தொடர்வண்டி நிலையத்திலும் வானூர்தி நிலையத்திலும் வாயிற்சட்டம் போன்ற ஒரு கருவியின் வழியே நாம் நடந்து செல்கிறோம். சட்டைப்பையில் சாவிக்கொத்து இருந்தால் அது ஒலி எழுப்புகிறது. மெட்டல் டிடெக்டர் என்று எல்லாரும் அழைக்கும் அக்கருவியைத் தமிழில் உலோகங்காட்டி எனலாம். அதன் சிறிய வடிவம் ஒன்றை வீட்டிலேயே செய்ய இயலும். ஆனால், செய்ய விரும்புவோர் பெரும்பாலும் முதலில் கேட்கும் வினா, “எந்த மைக்ரோகண்ட்ரோலரை வாங்குவது?” என்பதாகும். அவ்வினாவை ஏன் கடைசியில் கேட்க வேண்டும் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நம் ஊரின் மண்

திருவனந்தபுரத்தில் வாழும் நீங்கள் கோவளம் கடற்கரைக்குச் சென்றிருப்பீர்கள். அங்கே மணலில் ஆங்காங்கே கரிய நிறம் படர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். வலிமையான காந்தம் ஒன்றை நெகிழிப்பையில் இட்டு அம்மணலில் புரட்டினால் கரிய துகள்கள் பல அதில் ஒட்டிக்கொள்ளும். இல்மனைட் முதலிய கனிமங்கள் அம்மணலில் கலந்திருப்பதே அதற்குக் காரணம். இத்தகைய மணல் வடக்கே கொல்லம் மாவட்டத்துச் சவறையிலும், தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் பெருமளவில் கிடைக்கிறது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பத்தினர் மணவாளக்குறிச்சி மணல் ஆலையை நன்கு அறிவர்.

கடற்கரையை விட்டு நகருக்குள் வந்தால் மேடுகளில் எல்லாம் செந்நிற மண். வீடு கட்ட வெட்டியெடுக்கும் கல்லை இங்குள்ளோர் வெட்டுகல் என்பர். தமிழ்நாட்டில் அதற்குச் செம்பூரான் கல் என்று பெயர். பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து அலுவலர் கேரளத்தின் அங்காடிப்புறத்தில் இக்கல்லைக் கண்டு, 1807ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அக்கல்லின் சிவப்பு, இரும்பின் சிவப்பு.

கரிய மணலும் செம்மண்ணும் உலோகங்காட்டியை ஏமாற்றக் கூடியவை. நாணயம் இல்லாத இடத்திலும் “இருக்கிறது” என்று சொல்ல வைக்கும். இருக்கும் இடத்தில் ஊமையாக்கவும் செய்யும். ஆகவே, நம் ஊரில் இக்கருவியைச் செய்பவர் உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போதே மண்ணையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கருவி எவ்வாறு உணர்கிறது?

மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றும் என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் 1820இல் கண்டறிந்தார். மாறுகின்ற காந்தப்புலம் அருகிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினார். உலோகங்காட்டிக்கு இவ்விரண்டு உண்மைகளே போதும்.

கம்பிச்சுருள் ஒன்றில், திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தைச் செலுத்துகிறோம். சுருளைச் சுற்றி மாறுகின்ற காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் செம்புத்துண்டு ஒன்று கிடந்தால், அதனுள் நீர்ச்சுழி போலச் சிறு மின்னோட்டங்கள் சுழலத் தொடங்கும். இவற்றைச் சுழல் மின்னோட்டம் என்பர். இச்சுழல் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, தன்னைத் தோற்றுவித்த புலத்தை எதிர்க்கிறது. அவ்வெதிர்ப்பைச் சுருள் உணர்கிறது. அதாவது, சுருளின் மின்தூண்டல் சிறிதளவு குறைகிறது. அந்தச் சிறிதளவை அளப்பதே கருவியின் முழு வேலை.

இரும்பு சற்று வேறானது. அது காந்தப்புலத்தைத் தன்பால் ஈர்த்துச் செறிவாக்குவதால் சுருளின் மின்தூண்டலை மிகுவிக்கும். எனவே செம்பு ஒரு பக்கம் இழுத்தால் இரும்பு ஆணி பெரும்பாலும் மறுபக்கம் இழுக்கும். அகன்ற இரும்புத் தகட்டில் சுழல் மின்னோட்டமும் வலுப்பெறுவதால் இவ்விதி அங்கே தவறுவதும் உண்டு.

கருவி சரி, கட்டில் தவறு

தொலைபேசியைப் படைத்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் உலோகங்காட்டி ஒன்றையும் செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1881ஆம் ஆண்டு சூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் தங்கிவிட்டது. ஊடுகதிர்ப் படம் என்பதே இல்லாத காலம் அது. மருத்துவர்கள் விரலாலும் கருவிகளாலும் காயத்துக்குள் துழாவிக் கொண்டிருந்தனர். பெல் இரவு பகலாக உழைத்துச் சுருள்களும் தொலைபேசிக் கேட்பியும் கொண்ட ஒரு கருவியை உருவாக்கினார். இறைச்சித் துண்டுக்குள் மறைத்த குண்டை அது சரியாகக் காட்டியது.

சூலை 26ஆம் நாளும் ஆகஸ்டு 1ஆம் நாளும் நோயாளியிடம் கருவியைச் சோதித்தனர். முதல் நாள், கருவியின் இணைப்பு ஒன்று தவறியிருந்தது. இரண்டாம் நாள், ஓரிடத்தில் தெளிவாகக் கேட்க வேண்டிய ஒலி பரந்த பகுதி முழுவதும் மங்கலாகக் கேட்டது. பின்னர்தான் தெரிந்தது: நோயாளி படுத்திருந்த மெத்தையின் அடியில் எஃகுக் கம்பிகளால் ஆன மற்றொரு மெத்தை இருந்தது! மேலும், குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய மருத்துவர் அப்பக்கத்தையே தேட விட்டார். செப்டம்பர் 19ஆம் நாள் கார்ஃபீல்டு இறந்தார். உடலை ஆராய்ந்தபோது குண்டு இடப்பக்கம் இருந்தது.

பெல்லின் கருவியில் இருந்த அறிவியல் தவறானதன்று. சுற்றுப்புறத்தில் இருந்த உலோகம் அதன் காதை அடைத்துவிட்டது. நம் ஊர் மண், பெல்லின் எஃகு மெத்தையைப் போன்றது.

முதலில் முறையைத் தேர்க

வீட்டில் செய்யும் கருவிகள் பெரும்பாலும் மூன்று முறைகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. இரண்டு சுருள்களைச் சமன்செய்து, ஒன்று அனுப்ப மற்றொன்று கேட்கும் முறை நுட்பமானது. விலையுயர்ந்த கருவிகள் பலவும் அம்முறையினவே. ஆனால் இரு சுருள்களும் ஒன்றையொன்று கேளாதவாறு பொருத்துவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். அடுத்தது துடிப்பு முறை. சுருளில் திடீரென மின்னோட்டத்தைச் செலுத்தி, திடீரென நிறுத்தி, மண்ணிலிருந்து எழும் எதிரொலியைக் கேட்பது அது. கடற்கரைக்கு ஏற்றது. எனினும், அவ்வெதிரொலி சில பத்து மைக்ரோநொடிகளில் மடிந்துவிடும். சுருளில் பல நூறு வோல்ட் மின்னழுத்தமும் ஒரு கணம் எழும். முதன்முறை செய்வோர்க்கு அதனை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மூன்றாவது, அதிர்வெண்ணை எண்ணும் முறை. சுருளையும் மின்தேக்கியையும் இணைத்தால், ஊஞ்சல் போல மின்னோட்டம் முன்னும் பின்னும் ஆடும். ஒரு நொடியில் எத்தனை முறை ஆடுகிறது என்பதே அதிர்வெண். சுருளின் மின்தூண்டல் குறைந்தால் அதிர்வெண் ஏறும், மிகுந்தால் இறங்கும். நாம் எண்ணினால் போதும். இம்முறையில் ஆழம் குறைவு. ஓர் உள்ளங்கை ஆழத்துக்குள் கிடக்கும் நாணயத்தைக் காட்டினாலே மகிழ வேண்டும். ஆயினும் கற்பதற்கு இதுவே சிறந்தது.

சுருள்

மின்மோட்டார்களுக்குக் கம்பி கட்டும் கடைகளில் எனாமல் பூசிய செம்புக்கம்பி எடைக்குக் கிடைக்கும். 20 சென்டிமீட்டர் விட்டத்தில் 30 சுற்றுகள் சுற்றுவதற்கு ஏறத்தாழ 19 மீட்டர் கம்பி வேண்டும். அவ்வாறு சுற்றிய சுருளின் மின்தூண்டல் 400 மைக்ரோஹென்றியை ஒட்டி அமையும். சுருள் பெரிதானால் ஆழமாகப் பார்க்கும். ஆனால் சிறு பொருள்களைத் தவறவிடும். மோதிரம் தேடுபவருக்குப் பெரிய சுருள் பயன்படாது.

சுற்றிய கம்பி அசையவே கூடாது. ஒரு சுற்று தளர்ந்து ஆடினாலும் மின்தூண்டல் மாறும்; கருவி அதனை நாணயம் என்று எண்ணிக் கூவும். எனவே நூலால் இறுகக் கட்டி, பிசின் ஊற்றி உறையவைத்து, ஒட்டுப்பலகை வட்டத்தில் பதிக்க வேண்டும். கைப்பிடிக்குப் பிவிசி குழாய் நல்லது. சுருளின் அருகில் ஓர் இரும்புத் திருகாணி கூட இருக்கலாகாது.

ஈர மண்ணும் நம் கையும் சுருளின் அருகே வரும்போது மின்தேக்கியைப் போல் செயல்பட்டு அதிர்வெண்ணைச் சற்றே மாற்றிவிடும். அதைத் தடுக்கச் சுருளின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றிப் புவி இணைப்புக் கம்பியுடன் சேர்ப்பர். ஆனால் தாளின் இரு முனைகளும் தொடாதபடி ஒரு விரல் அகலம் இடைவெளி விட வேண்டும். முனைகள் தொட்டுவிட்டால் அத்தாளே முழு வளையமாகி, அதில் சுழல் மின்னோட்டம் பாயத் தொடங்கும். கருவி தன் சட்டையையே உலோகமாகக் கண்டுகொண்டிருக்கும்.

மின்தேக்கி

இப்போது மிகச் சிறிய, மிக மலிவான உறுப்புக்கு வருகிறோம். என் கருத்தில், இக்கருவியின் தரத்தைச் சுருளுக்கு அடுத்ததாக முடிவு செய்வது இதுவே.

கால்பிட்ஸ் அலையியற்றி என்னும் எளிய சுற்றினைப் பி.சி. 547 டிரான்சிஸ்டர் ஒன்றைக் கொண்டு அமைக்கலாம். அதில் 22 நானோஃபாரடு மின்தேக்கிகள் இரண்டு தொடராக நிற்கும். தொடராக இணைக்கும்போது அவற்றின் கூட்டுக் கொள்ளளவு பாதியாகும்; அதாவது 11 நானோஃபாரடு. நம் சுருளுடன் சேர்ந்தால் அலையியற்றி ஏறத்தாழ 75 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 75,000 முறை ஆடும்.

வெயிலில் மின்தேக்கி சூடாகும்போது என்ன நிகழும்? மலிவான பீங்கான் மின்தேக்கிகள் பலவற்றின் கொள்ளளவு வெப்பத்தால் சில விழுக்காடு கூட மாறும். ஒரு விழுக்காடு மாறினாலே அதிர்வெண் அரை விழுக்காடு மாறும்; நம் கணக்கில் அது 375 ஹெர்ட்ஸ். மண்ணுக்குள் கிடக்கும் நாணயம் தரும் மாற்றமோ சில ஹெர்ட்ஸ் அல்லது சில பத்து ஹெர்ட்ஸ் அளவே. திருவிழாக் கூட்டத்தில் கொசுவின் ஒலியைக் கேட்க முயல்வது போன்றது இது.

இதற்கு மாற்று உண்டு. ‘சி0ஜி’ அல்லது ‘என்பி0’ என்று குறிக்கப்படும் பீங்கான் வகையின் கொள்ளளவு, வெப்பநிலை ஒரு பாகை மாறும்போது பத்து இலட்சத்தில் 30 பங்குக்கு மேல் மாறாது. அதனைப் பயன்படுத்தினால் ஒரு பாகைக்கு அதிர்வெண் மாற்றம் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ் மட்டுமே. அது கிடைக்காவிட்டால் பாலிபுரோப்பிலீன் படல மின்தேக்கியை வாங்கலாம். மாற்றம் பல மடங்கு மிகுதி என்றாலும் பழுதில்லை. கடைக்காரர், “எல்லாம் 22 நானோதான், தம்பி” என்று சொல்லக்கூடும். எண் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

சில்லு

ஒரே சில்லுக்குள் கணிப்பான், நினைவகம், வெளியுலகைத் தொடும் முனைகள் ஆகிய யாவும் அடங்கியது மைக்ரோகண்ட்ரோலர், தமிழில் நுண்கட்டுப்படுத்தி. இங்கு அது செய்ய வேண்டிய வேலை இரண்டு: அதிர்வெண்ணை அளப்பது, மாறினால் ஒலி எழுப்புவது.

அளப்பதற்கு இரு வழிகள் உள்ளன. குறித்த நேரத்துக்குள் எத்தனை அலைகள் வந்தன என்று எண்ணலாம். அல்லது, குறித்த எண்ணிக்கை அலைகள் வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அளக்கலாம். இரண்டும் ஒன்றே எனத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். 4096 அலைகள் வர ஏறத்தாழ 54 மில்லிநொடி ஆகும். அந்நேரத்தில் அலைகளை மட்டும் எண்ணினால் ஓர் அலை கூடியதா குறைந்ததா என்பதற்கு மேல் தெரியாது. பிழை ஏறத்தாழ 18 ஹெர்ட்ஸ். மாறாக, அதே 54 மில்லிநொடியை 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தால் அளந்தால், அக்கடிகாரம் ஏறத்தாழ 8,70,000 முறை துடித்திருக்கும். அப்போது பிழை 0.1 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. சில்லை மாற்றாமல், கேட்கும் வினாவை மாற்றியதாலேயே நுட்பம் 200 மடங்கு உயர்ந்துவிட்டது!

4096 அலைகளுக்கு ஒருமுறை சைகை தருவதற்குச் சிடி 4040 என்னும் எண்ணிச் சில்லு போதும். அலையைக் கூர்மையாக்கி அதற்கு ஊட்ட 74எச்சி14 என்னும் சில்லு உதவும்.

ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா 328பி சில்லு 16 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. நிரலுக்கு 32 கிலோபைட்டும் தற்காலிக நினைவுக்கு 2 கிலோபைட்டும் உண்டு. நம் நிரலுக்கு இது தாராளம். சைகை வந்த கணத்தைக் குறித்துக்கொள்ளும் வசதி அதன் 8ஆம் முனையில் உள்ளது. ஆயினும் ஒரு குறை: ஊனோ பலகையின் முதன்மைச் சில்லுக்குக் கடிகாரமாக இருப்பது குவார்ட்ஸ் படிகமன்று, பீங்கான் அதிர்வி. அதுவும் வெப்பத்தால் நகரும். கோல் நீண்டால் துணி குறையும் அன்றோ? ஆகவே குவார்ட்ஸ் படிகம் பொருத்திய பலகையைக் கேட்டு வாங்குவது நலம்.

நம் ஊரிலேயே பிறந்த சில்லும் உண்டு. வெள்ளயம்பலத்தில் உள்ள சி-டாக் நிறுவனத்தார் ‘வேகா’ என்னும் நுண்செயலிக் குடும்பத்தை வடிவமைத்தனர். அதில் ஒன்றைக் கொண்டு உருவான ‘தேஜஸ் 32’ சில்லு 100 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 256 கிலோபைட் நினைவும் உடையது. அது பொருத்தப்பட்ட ‘ஏரீஸ்’ பலகைகளுக்கு, ஆர்டுயினோவுக்கு எழுதும் அதே மென்பொருளிலேயே நிரல் எழுதலாம். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ‘சக்தி’ செயலிகளும் வேகாவைப் போலவே, எவரும் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுப்பின்மேல் எழுந்தவை. ஏரீஸ் பலகையின் முனைகள் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். ஊனோவுக்குப் பழகிய கையால் 5 வோல்ட் கொடுத்துவிடக் கூடாது. 74எச்சி14, சிடி 4040 ஆகிய இரண்டையும் 3.3 வோல்ட்டிலேயே இயக்கிவிட்டால் சிக்கல் இல்லை.

100 மெகாஹெர்ட்ஸ் சில்லு 16 மெகாஹெர்ட்ஸ் சில்லைவிட ஆறு மடங்கு நுட்பமாக அளக்கும். ஆனால் மின்தேக்கி ஒரு பாகை சூடானாலே 1 ஹெர்ட்ஸ் நகர்கிறது, 0.1 ஹெர்ட்ஸை அளப்பதும் 0.015 ஹெர்ட்ஸை அளப்பதும் அங்கே ஒன்றுதான். விரைவுக்காக இச்சில்லை வாங்க வேண்டியதில்லை. நம் நகரத்தில் வடிவமைத்த சில்லில் நிரல் எழுதிப் பார்க்கும் ஆவலுக்காக வாங்கலாம். அது நல்ல காரணமே. துடிப்பு முறையைப் பின்னாளில் முயல்வோர்க்கோ நிலைமை வேறு. ஊனோவின் அளவு மாற்றி ஓர் அளவீட்டுக்கு ஏறத்தாழ 100 மைக்ரோநொடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் எதிரொலி மடிந்தே போகும். 2021இல் வெளிவந்த ராஸ்பெரி பை பிக்கோ 2 மைக்ரோநொடிக்கு ஒருமுறை அளக்க வல்லது. அங்கேதான் சில்லின் விரைவுக்கு விலை கொடுக்க வேண்டும்.

மின்கலத்தைப் பற்றி ஒரு சொல். சிறிய செவ்வகமான 9 வோல்ட் மின்கலம் விரைவில் களைத்துவிடும். மின்னழுத்தம் சரியச் சரிய அதிர்வெண்ணும் நகரும். ஆறு ஏஏ மின்கலங்களைத் தொடராக இணைத்து, 7805 ஒழுங்கியின் வழியே 5 வோல்ட் பெறுவது மேல்.

மண்ணை மறக்கும் நிரல்

சுருளைச் செம்மண்ணுக்கு அருகே கொண்டுசெல்லும்போதே அதிர்வெண் சற்று இறங்கும், தூக்கினால் ஏறும். அதனால் சுருளைத் தரைக்கு ஒரே உயரத்தில் நகர்த்திப் பழக வேண்டும். நிரலும் உதவலாம். கடந்த சில நொடிகளின் சராசரியை ‘இதுவே மண்’ என்று கொண்டு, அதிலிருந்து விரைவாக விலகுவதற்கு மட்டும் ஒலி எழுப்பச் செய்யலாம். வெப்பத்தால் மெல்ல நிகழும் நகர்வையும் இது விழுங்கிவிடும். ஆனால் நாணயத்தின் மேலேயே சுருளைப் பிடித்து நின்றால் நாணயத்தையும் மண் என்று கற்றுக்கொண்டு கருவி அமைதியாகிவிடும்! சராசரியின் காலம் மிகக் குறைந்தால் நாணயம் மறையும். மிக நீண்டால் மண் கூவும். உங்கள் தோட்டத்து மண்ணுக்கு எது பொருந்தும் என்பதை நீங்கள்தாம் சோதித்துக் காண வேண்டும்.

கருவியின் அமைதியை நம்பலாமா என்னும் வினா சிலருக்கு உயிர்வினா. இலங்கையின் வடக்கே முகமாலை முதலிய இடங்களில் போர்க்காலத்தில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றும் பணியில் தமிழ்ப்பெண்கள் பலர் ஈடுபட்டுள்ளனர். கண்ணிவெடி அகற்றுவோர் பணியைத் தொடங்குமுன், தெரிந்த ஆழத்தில் வைத்த உலோகத் துண்டின் மேல் கருவியைப் பிடித்து, அது ஒலிக்கிறதா என்று பார்ப்பர். அப்பணிக்குரிய கருவிகள் வேறு. நாம் செய்யும் கருவியை எவருடைய பாதுகாப்புக்கும் நம்பலாகாது. ஆனால் அவர்களுடைய பழக்கத்தைக் கடன் வாங்கலாம்.

இரண்டு வாளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நெகிழி வாளியாகவும் இரும்புப் பிடி இல்லாததாகவும் இருக்கட்டும். ஒன்றில் ஆற்றுமணலையும் மற்றொன்றில் செம்மண்ணையும் நிரப்புங்கள். ஒரு செம்புத் துண்டை முதலில் 2 சென்டிமீட்டர் ஆழத்திலும், பிறகு 5, 8 சென்டிமீட்டர் ஆழங்களிலும் புதைத்து, அதிர்வெண் எவ்வளவு மாறுகிறது என்று குறித்து வாருங்கள். பின்னர் செம்மண்ணில் நீர் தெளித்து மீண்டும் அளந்து பாருங்கள். வெளியிடங்களில் தோண்டும் ஆசை எழுந்தால் இதையும் அறிந்திருங்கள்: மண்ணிலிருந்து கிடைக்கும் புதையலை ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது.

சிந்தித்து எழுதுக

1. அலுமினியத் தாளின் இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் கருவிக்கு என்ன நேரும்? ஏன்?

2. ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பாருங்கள். அது சுருளின் அதிர்வெண்ணை ஏற்றுமா, இறக்குமா? உங்கள் கருத்தை முதலில் எழுதிவிட்டுப் பிறகு சோதித்துப் பாருங்கள்.

3. உங்கள் வீட்டில் வெட்டுகல், செம்பூரான் கல் என்னும் இரு பெயர்களில் எதனைச் சொல்கிறார்கள்? பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் ஊர் மண்ணைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.